வைகாசியில் வந்த கருநாரை

சிவந்த அலகின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு தொங்குகிறது, அதற்குப் பின்னால் கறுப்பு, கறுப்பென்றால் வெறும் கறுப்பில்லை, வெயில் பட்ட இடத்தில் பச்சையும் ஊதாவும் ஓடுகிற, மயில் கழுத்தை மசியில் முக்கியெடுத்தது போன்ற கறுப்பு, வயிறு மட்டும் வெள்ளை, கால்கள் அலகைப் போலவே சிவப்பு, கருநாரை, கொக்கரங்குளத்தின் மேல மடையோரம் முழங்கால் தண்ணீரில் நிற்கிறது, நான் கரைமேல் குப்புறப் படுத்துக் கேமராவின் கண்ணாடிக்குள் ஒரு கண்ணை வைத்திருக்கிறேன், விரல் பொத்தானில் பாதி அழுத்தத்தில் நிற்கிறது, மூச்சைப் பிடித்திருக்கிறேன், எவ்வளவு நேரம் என்று கேட்டால் அரைமணி நேரம் என்பேன், நீங்கள் நம்பமாட்டீர்கள், என் சங்கடமே அதுதான், போன வருடமும் இதே மடையில் இதே பறவை நின்றது, அப்போது என் கையில் வேப்பங்குச்சி மட்டும் இருந்தது, பல் விளக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன், தை மாதம் நீர்ப்பறவைக் கணக்கெடுக்க வந்த ஜெபக்கனி டீச்சரிடம் சொன்னேன், கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள், மரியாதை தெரிந்தவள், சிரிக்கவில்லை, படம் எதாவது இருக்கா அண்ணாச்சி என்று கேட்டாள், இல்லை என்றேன், அது வெண்கழுத்து நாரையா இருக்கும், தூரத்துல பாத்தா அப்படித்தான் தெரியும் என்று சொல்லி நோட்டை மூடினாள், அந்த நோட்டில் அந்தப் பறவை ஏறவேண்டும், நான் சொன்னது ஒரு தடவையாவது சொன்னபடி எழுதப்படவேண்டும், எனக்கு அன்றிலிருந்து வேறு ஆசையே இல்லை.

டீச்சரைக் குறை சொல்வதற்கில்லை, முப்பத்தோரு வருடம் நான் பஸ் கண்டக்டர், அத்தனை வருடமும் டிக்கெட்டோடு சேர்த்துக் கதையையும் கிழித்துக் கொடுத்தவன், தினமும் காலை டிரிப்பில் ஒரு கொக்கு ஏறிக் குளத்தங்கரையில் இறங்கும், அதற்கு அரை டிக்கெட் போடுவேன், செக்கிங் வந்த அன்று டிக்கெட்டை அலகில் பிடித்துத் தானே நீட்டியது என்று சொல்லியிருக்கிறேன், அதில் பொய் ஒன்றும் பெரிதாக இல்லை, அரை டிக்கெட் என்பதைத் தவிர, ஆனால் எனக்கு இரட்டைப் பெண் பிறந்தபோது டெப்போவில் மிட்டாய் நீட்டினால், என் வண்டியின் டிரைவர் பேச்சிமுத்து மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, வே, உம்ம பேச்சுல பாதியக் கழிச்சுல்லா எடுக்கணும், ஒரு பிள்ளைன்னு வச்சிக்கிடுதோம் என்றான், எல்லாரும் சேர்ந்து வாங்கி வந்த கொலுசும் ஒரு ஜோடிதான், என் மனைவி ஆவுடை அதை ஆளுக்கொன்றாகப் போட்டுவிட்டாள், பழைய படத்தில் இரண்டு குழந்தைக்கும் ஒற்றைக் காலில்தான் கொலுசு, படம் என்றால் உடனே நம்பிவிடுகிறார்கள், படத்தைப் பார்த்த பிறகுதான் பேச்சிமுத்து, அட, நெசமாவே ரெண்டுதானா வே என்றான், அப்போதே ஒரு கேமரா வாங்கியிருக்க வேண்டும், மார்கழி ஏழாம் தேதி வரைக்கும் தள்ளிவிட்டேன்.

வண்ணாரப்பேட்டையில் கேமராக் கடை, முதலாளியின் மருமகள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, எதுக்குய்யா வேணும், கல்யாண வீட்டுக்கா, ஊர் சுத்தவா என்கிறாள், பறவைக்கு என்கிறேன், எவ்வளவு தூரத்துல நிக்கும் என்கிறாள், ஆளைக் கண்டால் பறக்கிற தூரத்துக்கு ஒரு அடி அந்தப்பக்கம் என்கிறேன், கூட வந்த பேச்சிமுத்து அலமாரியில் இருந்த மோட்டார் பம்பு மாதிரியான லென்ஸைக் காட்டி, இத எடும் வே, இதப் பாத்தாலே நம்புவானுவ என்கிறான், அதைத் தூக்கிப் பார்த்தேன், தோள்பட்டை என்னவோ சொல்லிற்று, அந்தப் பெண் சிரித்து, இது நல்ல லென்ஸ்தான், ஆனா முக்காலியும் தூக்கணும், குளத்தங்கரையில கழட்டி மாட்டினா தூசி உள்ள போயிரும், உங்களுக்கு லென்ஸோட சேந்தே இருக்கே, இந்த நீள ஜூம் கேமரா போதும், மெகாபிக்சல் எத்தனைன்னு பாத்து மயங்காதீங்க, வெயில்ல பின்னாடி இருக்க திரை தெரியாது, கண்ணை வச்சுப் பாக்க ஓட்டை இருக்கான்னு மட்டும் பாருங்க என்றாள், வாசலில் நின்று ஜூமை இழுத்தேன், இழுத்தேன், ஆற்றுப் பாலத்துக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தவரின் சட்டைப் பையில் பீடிக்கட்டு தெரிந்தது, ஒன்பது பீடி என்றேன், பேச்சிமுத்து போனில் நம்பர் பிடித்துக் கேட்டான், எட்டுத்தான் என்றாராம், மறுபடி பார்த்தேன், ஒன்றைப் பற்றவைத்திருந்தார்.

பெட்டியோடு வீட்டுக்குப் போனால் ஆவுடை வாசலிலேயே நிற்கிறாள், மார்கழி மாசம் யாராவது புதுச் சாமான் தொறப்பாங்களா, தை பொறக்கட்டும், அதுவரைக்கும் பீரோ மேல இருக்கட்டும் என்றாள், தை பிறப்பதற்குள் நாரை வந்து போய்விடாது என்று யார் உத்தரவாதம் தருவது, போன வருடம் நான் பார்த்த மூன்றாம் நாள் அது இல்லை, பேட்டரியை மட்டும் போட்டுப் பார்க்கிறேன் என்று பொத்தானை அழுத்தினேன், அழுத்தியதும் கேமரா முதல் வேலையாக இன்று என்ன தேதி என்று என்னைக் கேட்டது, கேட்டதே, அங்கேதான் எனக்குப் புத்தி போயிற்று, காலண்டரைப் புரட்டினேன், மே இருபத்தெட்டு, வைகாசி, வளர்பிறை, முகூர்த்த நாள், அதையே போட்டுக் கொடுத்துவிட்டு, ஆவுடை, இங்க வந்து பாரு, இந்தப் பெட்டிக்கு இன்னைக்கு வைகாசி முகூர்த்தம், மார்கழி உனக்கும் எனக்குந்தான் என்றேன், அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், உங்கள என்ன செய்ய என்று போய்க் குங்குமத்தை எடுத்துவந்து லென்ஸ் மூடியில் ஒரு பொட்டு வைத்தாள், மூடியில் வைத்தது நல்லதாகப் போயிற்று.

அதன் பிறகு எட்டு நாள் நான் படித்த படிப்பைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் கலெக்டராகியிருப்பேன், ஜூமை முழுக்க இழுத்தால் என் நாடித் துடிப்புக்கே பறவை குதிக்கிறது, முக்காலி வேண்டாம், ஒரு பை போதும் என்று என் பழைய காக்கிக் கால்சட்டையின் ஒரு காலை வெட்டித் தைத்து ஆவுடையிடம் காணம் வாங்கி நிரப்பினேன், கொள்ளைத்தான் எங்கள் பக்கம் காணம் என்போம், அதன்மேல் கேமராவைப் பதித்து வைத்தால் கல்போல நிற்கும், ஆனால் ஐந்து நாள் பனியில் நனைந்து காணம் முளைவிட்டது, தையல் வழியாகக் கொடி வந்தது, நான் பிடுங்கவில்லை, மறைப்புக்கு ஆயிற்று, ஆறாம் நாள் ஒரு ஆடு வந்து என் கேமராவை மேய்ந்தது, கறுப்பு இன்னொரு பாடம், கொல்லையில் காகத்தை எடுத்துப் பழகினேன், வெளிச்சமான வானத்துக்கு முன்னால் காகம் காகத்தின் வடிவத்தில் ஒரு ஓட்டையாகத்தான் விழுந்தது, வெளிச்சக் கணக்கை ஒரு கட்டம் கூட்டி வைத்ததும் இறகு இறகாகப் பிரிந்தது, சூரியன் என் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும், குறி பறவையின் கண்ணில் விழவேண்டும், மூன்றாம் நாளிலிருந்து அந்தக் காகம் வெயில் பக்கம் தானே திரும்பி உட்கார்ந்தது, ஆவுடை, காணத்தையும் குடுத்து, காக்காய்க்குச் சோறும் வச்சு, இந்த நாரை எனக்கு என்ன செய்யப்போவுது என்றாள்.

எட்டாம் நாள் விடிந்து அரைமணியில் அது வந்து இறங்கியது, சத்தமே இல்லை, தண்ணீர்தான் கொஞ்சம் விலகி இடம் கொடுத்தது, நாற்பத்திரண்டு படம் எடுத்தேன், நாற்பத்தொன்றில் தலை இல்லை, அல்லது புல் தெளிவாக இருந்து பறவை கலங்கியிருந்தது, ஒன்றில் கண் இருந்தது, கண்ணைச் சுற்றிய சிவப்புத் தோலின் சுருக்கம் வரைக்கும் இருந்தது, போனில் ஏற்றி டீச்சருக்கு அனுப்பினேன், அண்ணாச்சி, இது கருநாரைதான், ஆனா இது போன்ல சுருங்கி வந்த படம், விவரம் ஒண்ணும் இருக்காது, கணக்கெடுப்பு அன்னைக்குக் கேமரா கார்டைக் கொண்டு வாங்க என்று பதில் வந்தது, அந்தப் பதிலை இருபத்தாறு நாள் எத்தனை முறை படித்தேன் என்று சொல்லமாட்டேன், நாரை பொங்கலுக்கு முன்பே போய்விட்டது.

கணக்கெடுப்பு அன்று கரையில் பத்துப் பேர், தொலைநோக்கிகள், தெர்மாஸ் காபி, காணம் கொடுத்த உரிமையில் ஆவுடையும், வேடிக்கை பார்க்கப் பேச்சிமுத்துவும் வந்து நிற்கிறார்கள், டீச்சர் மடிக்கணினியில் கார்டைச் செருகிப் படத்தைத் திறந்து, நல்லா எடுத்திருக்கிய என்று சொன்னவள் ஓரத்தில் எதையோ தட்டினாள், தட்டியவளின் முகம் மாறியது, மெதுவாக, அண்ணாச்சி, இதுல ஜூன் அஞ்சுன்னு கெடக்கே என்றாள், அந்த மாதத்தில் இந்தப் பறவை இமயமலைக்கு அந்தப்பக்கம் எங்கோ கூட்டில் இருக்கும், வற்றிக் கிடக்கும் கொக்கரங்குளத்திலோ கிரிக்கெட் ஆடுவார்கள், எங்க எடுத்த படம் அண்ணாச்சி, யாரும் அனுப்புனாங்களா என்று அவள் கேட்டது எனக்கு மட்டும் கேட்கும்படியாகத்தான், அவ்வளவு நல்லவள், ஆனால் பேச்சிமுத்துவுக்கும் கேட்டுவிட்டது, நான் நடந்ததைச் சொன்னேன், மார்கழி, பீரோ, முகூர்த்தம், குங்குமம், எல்லாவற்றையும் ஒரு சொல் கூட்டாமல் சொன்னேன், சொல்லச் சொல்ல என் காதுக்கே அது நான் இதுவரை சொன்னதிலேயே பெரிய புளுகாகக் கேட்டது, பத்துப் பேரும் சிரித்தார்கள், கொக்கு டிக்கெட் கதைய விட இது அருமை வே என்று பேச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டான், நான் கார்டைத் திருப்பிக் கேட்கக் கை நீட்டினேன்.

டீச்சர், என்றாள் ஆவுடை, நாந்தான் சொன்னேன், மார்கழியில தொறக்கக்கூடாதுன்னு, இவுக தேதிய மாத்தி என்னை ஏமாத்தினாக, நானும் ஏமாந்தேன், அம்புட்டுத்தான், என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், யாரும் சிரிக்கவில்லை, டீச்சர் கார்டை என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் போனில் அன்றைய தேதியை வரவழைத்து என் முன்னால் பிடித்து, இதை ஒரு படம் எடுங்க அண்ணாச்சி என்றாள், கார்டைக் கேமராவில் போட்டு எடுத்தேன், அதை மறுபடி மடிக்கணினியில் செருகிப் பார்த்தாள், போனில் ஜனவரி இருபத்தைந்து, கேமராவின் கணக்கில் ஜூலை ஒன்று, நாரை நின்ற படத்திலிருந்து இந்தப் படத்துக்கு இருபத்தாறு நாள், அவள் விரல்விட்டுப் பின்னால் எண்ணுகிறாள், உதடு அசைகிறது, டிசம்பர் முப்பது, எனக்கு நீங்க அனுப்புன அதே காலையில, என்று சொல்லி நோட்டைத் திறந்தாள், கணக்கெடுப்புக்கு முன்னால் கண்டவற்றுக்கென்று ஒதுக்கிய பக்கம், கருநாரை என்று எழுதினாள், கொக்கரங்குளம் என்று எழுதினாள், என் பெயரை முழுதாக எழுதினாள், எண்ணிக்கைக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கி, படத்துல ஒண்ணு நிக்கி, மொத்தம் எத்தனை பாத்திய அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க, எழுதிக்கிடுதேன் என்றாள், அறுபத்தெட்டு வயதில் என் வாயைப் பார்த்து ஒரு பேனா காத்திருக்கிறது, என் நாக்கின்மேல் ஏழு நாரைகள் வரிசையாக வந்து இறங்குகின்றன, ஏழாவது குஞ்சு, அதற்கு இன்னும் சரியாகப் பறக்க வரவில்லை, மற்ற ஆறும் முறை வைத்து அதை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கின்றன, என்ன அழகு, ஆவுடை தண்ணீரிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்க்கிறாள், நான் குஞ்சை முதலில் எழுப்பி விடுகிறேன், பிறகு ஒவ்வொன்றாக, போக மனமில்லாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போகின்றன, கடைசியில் மேல மடையோரம் நிஜமாக நின்றது மட்டும் நிற்கிறது, ஒண்ணுதான் டீச்சர் என்றேன், அவள் அப்படியே எழுதினாள்.