அன்னக்கொடி போட்ட பெட்டிசன்

இப்படி நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. சோறு ஆறினாலும் பரவாயில்லை. பேரையூர்ப் பக்கத்தில் ஒரு ஊரையே கிடுகிடுக்க வைத்த ஒற்றைத் தாளின் கதையைச் சொல்கிறேன்.

அன்னக்கொடிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். காலை டவுன் பஸ், மெயின் ரோட்டிலிருந்து அவள் ஊருக்குப் பிரியும் விலக்கில் நிற்க வேண்டும். அதுவோ நிற்காமல் பறந்துவிடும்; கல்லூரிக்குக் கிளம்பிய மகள் தாமரைச்செல்வி புழுதியைத் தின்றுவிட்டு வீடு திரும்புவாள். இன்னும் கொஞ்ச நாள் இப்படிப் போனால் பரீட்சை எழுத விடமாட்டார்களாம். "படிச்சது போதும், மாப்ள பாப்போம்" என்று புருஷன் சோணை ஆரம்பித்துவிட்டான்.

அன்னக்கொடி மதுரைக்கு வண்டி ஏறினாள். மனு அடித்துத் தருகிற ஷேக் தாவூது கடையில் போய்த் தயங்கி நின்றாள்.

"யார் மேலயும் பெட்டிசன் போட வரல பாய். பஸ்சு நிக்கணும், அம்புட்டுதேன்."

பாய் சிரித்தார். "அதுக்குப் பேருதாம்மா பெட்டிசன். பணிஞ்சு கேக்குறதுன்னு அர்த்தம். நம்ம ஆளுகதேன் அத அருவாளாக்கி வச்சிருக்காங்க."

அவள் ஊர் அப்படித்தான். வரப்புத் தகராறு முற்றினால் பெட்டிசன். கல்யாணப் பத்திரிகையில் பேர் விட்டுப்போனால் பெட்டிசன். கையெழுத்தில்லாத தாளாகப் போகும், யாருக்காவது வேலையில் இடி விழும். எதையாவது வேண்டிக் கேட்பதற்கு அங்கே யாரும் அந்தச் சொல்லை எடுத்ததே இல்லை.

மனுவைக் கலெக்டர் ஆபீசில் கொடுத்துவிட்டு அவள் ஊர் வந்து சேருமுன், அன்னக்கொடி பெட்டிசன் போட்டுவிட்டாள் என்ற சேதி வந்து சேர்ந்துவிட்டது. மறுநாள் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஆளான சோலை, குடமெல்லாம் நிரம்பித் தெருவெல்லாம் ஓடும்வரை குழாயை மூடவில்லை. தெருவிளக்குகள் பகலிலும் எரிந்தன. ரேஷன் கடைப் பேச்சிமுத்து ஒரு பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றான்.

"போன மாசம் சீனி கொஞ்சம் கொறஞ்சிருச்சு போலக்கா."

"நான் ஒம் மேல போடலய்யா."

"தெரியும்க்கா, தெரியும்!" என்று எண்ணெய்ப் பாக்கெட்டையும் சேர்த்து வைத்துவிட்டுப் போனான். அவள் இல்லை என்று சொல்லச் சொல்ல, அவனுக்கு வேர்வை கூடியது.

பஸ் டிரைவர் மட்டும் அசலூர்க்காரர். அவருக்குச் சேதி எட்டவில்லை. பஸ் பறந்தது.

"ஊரே திருந்திருச்சும்மா, பஸ்சு மட்டும் திருந்தல" என்றாள் தாமரைச்செல்வி, பையைக் கழற்றாமலே. சோணை ஒரு ஜாதகத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் பஞ்சாயத்துத் தலைவர் விருமாண்டியே வாழைப்பழச் சீப்போடு வந்தார்.

"என்ன தாயி, வாய்க்கால் வேல விசயமா போட்டுட்ட?"

"இல்லண்ணே, பஸ்சு."

"வாய்க்கால்னு ஒரு எழுத்துகூட இல்லையே?"

"வாய்க்கால்ல என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல." துண்டால் கழுத்தைத் துடைத்தார். "எதுக்கும் வாபஸ் வாங்கிரு தாயி."

அதுவரை உண்மையைச் சொல்லிச் சொல்லி அன்னக்கொடிக்கு வாய் வலித்துப் போயிருந்தது. மகளைப் பார்த்தாள். சோணையின் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"வாங்கிக்கிறேண்ணே. மொதல்ல பஸ்சு நிக்கட்டும்."

விடிந்ததும் விருமாண்டி வெள்ளை வேட்டியோடு நடுரோட்டில் கைகளை விரித்து நின்றார். பஸ் கிறீச்சிட்டது.

"யோவ், சாகப் போறியா?" என்று டிரைவர் கத்தினார்.

"ஒங்கால்ல விழுறேம்ப்பா, நின்னுட்டுப் போ!"

தாமரைச்செல்வி ஏறினாள். மறுநாளும் ஏறினாள். மழை பெய்த அன்று தலைவர் குடையோடு நின்றார். ஒரு வாரம் பொறுத்து, மெல்ல அன்னக்கொடி பக்கம் வந்தார்.

"அந்த வாபஸ்சு..."

"புள்ளைக்குப் பரீட்சை முடியட்டும்ணே."

சோணை ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.

உங்கள் வீடும் நன்றாயிருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியதெல்லாம் யாரிடமும் கையேந்தாமல், தானாக வாசல் தேடி வரட்டும்.