மூடுவதற்கு முன்

பனியன் துணியைக் கிழித்து, அண்ணன் கைருதீனின் வலக்கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டத் தொடங்கினார் சனாவுல்லா. சபுரா அந்தத் துணியைப் பறித்தாள்.

"விடுங்க சித்தப்பா."

"வெரல் மொளியெல்லாம் தோல் உரிஞ்சுபோச்சு, பாரு கண்ணு. ஓயாம இரும்புல தட்டிக்கிட்டே இருந்தா?"

"அத்தா எங்கூடப் பேசறாருங்க."

"தட்டறதெல்லாம் ஒரு பேச்சாக்கும்?"

"இத்தனை நாளா நீங்க பேசறதுக்கு அது எவ்வளவோ தேவலைங்க."

சனாவுல்லா முணுமுணுத்தபடி வெளியேறினார்.

பக்கவாதம் கைருதீனின் பேச்சைப் பறித்திருந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்று முதல், இயங்கிய ஒரே கையால் அவர் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் மூன்று முறை தட்டுவார். பின்னர் மூச்சை அடக்கிக் காத்திருப்பார். மகள் சபுராவும் பதிலுக்குத் தட்டுவாள். அவருடைய விழிகள் அலையும். சிறிது நேரத்தில் மீண்டும் தட்டுவார். வீரபாண்டியில் அந்த வீட்டுச் சுவரையொட்டியே நிட்டிங் மிஷின்கள் ஓடின. வாய்ப்பேச்சுக்கூடக் கேளாத அந்த இரைச்சலிலும் அத்தாவின் தட்டல் அவள் செவிக்குத் தப்பியதில்லை.

அவர் கடற்படைக் கப்பல்களில் பெரும் எந்திரங்களைப் பழுதுபார்க்கும் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். ஆண்டுக்கொருமுறை விடுப்பில் வருவார். மகள் கூச்சம் தெளிந்து பேசத் தொடங்கும் நேரத்தில் பெட்டியைக் கட்டிவிடுவார். ஓய்வு பெற்று அவர் ஊர் திரும்பியபோது, அவள் கணவன் வீட்டுக்குப் போயிருந்தாள். இப்போதுதான் அவளுக்குத் தந்தையோடு ஓர் உரையாடல் வாய்த்திருந்தது. அதை எவரும் கட்டிப்போட அவள் விடுவதாயில்லை.

பார்க்க வந்தவர்கள் தலைமாட்டிலேயே நின்று, "இன்னைக்குத் தாண்டாதுங்க" என்றார்கள். பேச்சிழந்தவருக்குச் செவியும் இல்லையென்று இவர்களுக்கு எவர் கற்பித்தாரோ!

முற்பகலில் மணியன் வந்தார். திருமுருகன்பூண்டிக்காரர், கைருதீனின் குழுவில் நெடுங்காலம் பணியாற்றியவர். கட்டிலருகே வந்ததும் நிமிர்ந்து நின்றார்.

"சீஃப், மணியன் வந்திருக்கேனுங்க."

கைருதீனின் கண்கள் திரும்பவில்லை. கை மட்டும் எழுந்து, சட்டத்தில் மூன்று முறை தட்டியது. சபுரா வழக்கம்போலப் பதில் தட்டினாள். மீண்டும் தட்டுவதற்காக அவள் கையை உயர்த்தியபோது மணியன் பதறினார்.

"தட்டாதே கண்ணு!"

"ஏனுங்க மாமா?"

"எப்ப இருந்து இப்பிடிப் பதில் தட்டறே?"

"பேச்சு நின்னதுல இருந்துங்க. நாந் தட்டுனா அத்தாவுக்கு ஆறுதலா இருக்குமுன்னு…"

மணியன் தரையில் அமர்ந்தார். "கப்பல் பாய்லருக்குள்ள ஆளு பூந்துதான் வேலை பாக்கோணும் கண்ணு. வேலை முடிஞ்சா மூடியப் போட்டு முறுக்கோணும். அதுக்கு முந்தி உங்கத்தா ஸ்பேனர்ல மூணு தட்டுத் தட்டுவாரு. கத்துனா கேக்காது, சுத்தியும் மிஷின் ஓடுமல்லோ. உள்ள ஆளிருந்தாத் திருப்பித் தட்டோணும். சத்தம் வந்தா மூட மாட்டாரு. வராட்டித்தான் மூடுவாரு."

சபுரா தன் விரல்களைப் பார்த்தாள்.

"ஒருக்கா நான் உள்ளயே தூங்கிப்போட்டேன். அந்தத் தட்டுலதான் முழிச்சுப் பதறிப்போயித் தட்டுனேன். வெளிய வந்தா அடி உளுகுமுன்னு பாத்தா, 'உன்ற கொறட்டையக் கொஞ்சம் சத்தமா உட்டிருக்கலாமல்லோடா'ன்னாரு." சிரிக்கத் தொடங்கிய மணியன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அப்படீன்னா, நாந் தட்டத் தட்ட…"

"யாரோ உள்ள மாட்டிக்கிட்டாங்கன்னு நெனைச்சுக்கிட்டுக் கெடக்கறாரு கண்ணு. ஆளு உள்ள இருக்கீல அவரு எப்பிடி மூடிப்போட்டு எறங்கிப் போவாரு?"

அப்போது கரண்ட் போயிற்று. பக்கத்துக் கம்பெனி மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கைருதீனின் மூச்சு தனியாகக் கேட்டது.

மூன்று தட்டல்கள்.

சபுரா இரு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி மடியில் அழுத்திக்கொண்டாள். அவர் காத்திருந்தார். அவர் நெற்றி சுருங்கியிருந்தது. மணியன் தலை நிமிரவில்லை.

மீண்டும் தட்டினார்; முன்னிலும் மெல்ல. முந்தானைக்குள் அவள் விரல்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றின. அறையில் எந்த ஓசையும் எழவில்லை.

நெற்றிச் சுருக்கம் மெல்ல விரிந்தது. சட்டத்திலிருந்து நழுவிய கை, படுக்கையின்மேல் திறந்தபடி கிடந்தது. பிறகு அது எழவில்லை. மணியன் குரல் கொடுக்க, வாசலிலிருந்து ஓடிவந்த சனாவுல்லா, அண்ணனின் காதருகே குனிந்து கலிமாவைச் சொல்லத் தொடங்கினார். அது முடிவதற்குள் மூச்சு நின்றிருந்தது.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவைத் தூக்கினார்கள். முன்வரிசையில் நின்ற சனாவுல்லா விலகி இடம்விட்டு, "மணியா, நீ முன்னால வா" என்றார். மணியன் தோள் கொடுத்தார். தெருத் திரும்பும்வரை சபுரா கதவோரம் நின்று பார்த்தாள்.

கரண்ட் வந்திருந்தது. ஆனாலும் துக்கத்தை முன்னிட்டுப் பக்கத்துக் கம்பெனியில் மிஷின்களை ஓட்டவில்லை. உறவுப் பெண்கள் கூடத்தில் இருந்தார்கள். சபுரா மட்டும் அறைக்குள் போனாள். படுக்கையை எடுத்துவிட்டதால் வெறும் இரும்புக் கட்டில் கிடந்தது.

அவள் குனிந்து, அந்தச் சட்டத்தில் மூன்று முறை தட்டினாள். மூச்சை அடக்கிக் காத்திருந்தாள்.

பிறகு வெளியே வந்து, கதவை ஓசைப்படாமல் சாத்தினாள்.