லிட்டாராவுக்காக உபவாசம்

லிட்டாராவின் ஃப்ரிட்ஜில் ஒரு முட்டை வைக்கக்கூட இடமில்லை. வெள்ளித்தாள் போர்த்திய தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. சேம்பு இலைக்குள் தேங்காய்ப்பாலைக் கட்டி வேகவைத்த பலுசாமி, கண்ணாடிச் சேமியாவில் இறைச்சி போட்டுக் கிளறிய சப்பாசுயி, பன்றித் தொடை, கை முஷ்டி அளவுக்குச் சேப்பங்கிழங்கு. எல்லாம் சபைப் பெண்கள் கொண்டுவந்து கொடுத்தவை. மாங்கரே என்ற புறநகரில், அந்த வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதான். ஒரு வேளைக்கு நான்கு கரண்டிக்கு மேல் அவளுக்கு இறங்காது.

ஏன் இறங்காது என்பதை அவள் தன் வேலையை வைத்தே புரிந்துகொண்டிருந்தாள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் கூடத்தில் இருபது வருடமாக வேலை. அங்கே இருக்கும் மிஷின்களின் டிரம் ஒவ்வொன்றும் ஓர் ஆள் உட்காரும் அளவு இருக்கும். எவ்வளவு திணித்தாலும் வாங்கிக்கொள்ளும். வயிறும் முன்பு அப்படித்தான் இருந்தது, விரிந்துகொடுக்கும் பை. எடையைக் குறைக்க அவள் செய்துகொண்ட அறுவை சிகிச்சையில் அந்தப் பையை நெடுக்குவாட்டில் வெட்டி, பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல ஒரு குழாயாக்கித் தைத்துவிட்டார்கள். டிரம் இருந்த இடத்தில் இப்போது ஒரு குழாய். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் குழாய்க்கென்று தனிச் சட்டங்கள் உண்டு. இடம் குறைவு என்பதால் முட்டையோ மீனோ கோழியோதான் முதலில் போக வேண்டும். உடம்பு கரையும்போது தசையும் சேர்ந்து கரையாமல் பிடித்துவைப்பது அதுதான். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் உணவு நின்று வேலை செய்யாமல் அடித்துக்கொண்டு கீழே போய்விடும். சேப்பங்கிழங்கு ஊறி உப்பும் பொருள். அவசரப்பட்டு விழுங்கினால் குழாயின் வாயில் கல்லைப் போல உட்கார்ந்துகொள்ளும். நெஞ்சு அடைக்கும், வாயில் நுரை வரும். போதும் என்று உடம்பு சொல்வதும் புதுவிதமாக இருந்தது. முன்பெல்லாம் வயிறு முட்டுவதுதான் கணக்கு. இப்போது நான்காவது கரண்டி முடிந்ததும் லிட்டாராவுக்கு ஒரு தும்மல் வரும். அதற்குமேல் ஒரு பருக்கை போனாலும் திரும்பி வரும்.

பசியைக் கிளப்பும் ரசாயனம் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுத்த அந்தப் பகுதியில்தான். அதனால் வயிற்றுப் பசி அடங்கிவிட்டது. அதற்கு உடனே பழகிக்கொண்டாள். பழக முடியாமல் போனது வேறொன்று. வேலை முடிந்து வந்து அடுப்பைப் பற்றவைப்பது, ருசி பார்ப்பது, மறுபடி போட்டுக்கொள்வது, தட்டைத் துடைப்பது, டீயோடு ரொட்டியை வைத்துக்கொண்டு உட்கார்வது என்று ஒரு மாலைப்பொழுதையே சாப்பாடு தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. இப்போது ஒரு முட்டை. ஒரு தும்மல். அதற்குப்பின் படுக்கும்வரை நீளமான பொழுது ஒன்று அவள் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆறு பேர் உட்காரும் மேசை அது. கணவன் தவாலே போன பிறகும் அதை மாற்றவில்லை. உடம்பில் கொழுப்பு குறையக் குறையக் குளிர் வேறு எலும்பில் ஏறியது. இரண்டு போர்வைக்குள் கிடந்து, தன் சொந்தச் சூடே தன்னைவிட்டுப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வாள்.

தவாலேயைச் சர்க்கரை கொண்டுபோனது. முதலில் கால் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் வரை, பிறகு ஆள். அதே சர்க்கரை தன் ரத்தத்திலும் ஏறியிருக்கிறது என்று தெரிந்தபோது அவள் யாரிடமும் பேசாமல் அறுவை சிகிச்சைக்கு முடிவெடுத்தாள். பிரிஸ்பேனிலிருந்து மகள் சுலியேத்தி வந்து ஒரு வாரம் உடனிருந்தாள். யாரிடமும் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம், உன் உடம்பு உன் இஷ்டம் என்று மகள் சொல்லிவிட்டு விமானம் ஏறினாள். பிரிஸ்பேனில் அது எளிதான பேச்சு. மாங்கரேயில் ஒரு சமோவாப் பெண்ணின் உடம்பு அவளுடையது மட்டுமா என்ன.

பொய் என்று அவள் எதையும் சொல்லவில்லை. அதுதான் இதில் மோசமான பகுதி. சிகிச்சை முடிந்து முதல்முறை ஆராதனைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைப் புலெத்தாசி உடை உடம்பில் தொளதொளவென்று தொங்கியது. தவாலேயின் அக்கா ரூத்தா வாசலிலேயே அவளை மறித்து, ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள் என்று கேட்டாள். வயிற்றில் ஒரு பாகத்தை எடுத்துவிட்டார்கள் என்றாள் லிட்டாரா. அவ்வளவே. ரூத்தாவின் முகம் சுருங்கியது. பெரிய தொப்பி ஒருபக்கம் சாய, லிட்டாராவைச் சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதாள். மெலிவதென்றால் அந்தச் சபையில் ஒரே அர்த்தம்தான். எலும்பு தெரிய இளைத்தவர்கள் எல்லாரும் புற்றுநோயில்தான் போயிருந்தார்கள். அந்த நோயின் பெயரைக்கூட யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கத்தான் செய்தாள். ஆனால் தவாலேயின் அடக்கத்துக்குப் பிறகு யாரும் அவளை அப்படி இறுக்கிப் பிடித்ததில்லை. ரூத்தாவின் மார்பு அத்தனை சூடாக இருந்தது. இன்னும் கொஞ்சநேரம் என்று நினைத்தாள். அந்தக் கொஞ்சநேரம் மூன்று மாதமாகிவிட்டது.

அதற்குள் போதகர் ஞாயிறுதோறும் பிரார்த்தனையில் அவள் பெயரைச் சொல்லத் தொடங்கியிருந்தார். தட்டுகள் வர ஆரம்பித்தன. கொண்டுவந்தவர்கள் அவள் ஒரு வாய் சாப்பிடுவதைப் பார்த்தபின்தான் கிளம்புவார்கள். "சாப்பிடு, லிட்டாரா, சாப்பிடு" என்பார்கள். தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. எடை வேகமாகக் குறையும்போது மூன்றாம் மாதத்தில் முடி உதிரும், பிறகு தானாக வளரும் என்று அவளுக்குத் தெரியும். அவர்களுக்கு அது மருந்தின் வேலையாகத் தெரிந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு சனிக்கிழமை மதியம், மறுநாள் விருந்துக்குக் கை கொடுக்கலாம் என்று லிட்டாரா சபைக் கூடத்துச் சமையலறைக்குப் போனாள். ஏழெட்டுப் பெண்கள் கிழங்கு சீவிக்கொண்டும் தேங்காய் துருவிக்கொண்டும் இருந்தார்கள். எப்போதும்போல் பேச்சு இருந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்தது. என்ன என்று பிடிபடச் சற்று நேரமாயிற்று. ஒருவர் வாய்க்குள்ளும் எதுவும் போகவில்லை. அந்தச் சமையலறையில் தேங்காய்த் துருவலை அள்ளிப் போட்டுக்கொள்ளாமல், வறுத்த பன்றித் தோலைப் பிய்த்து மெல்லாமல் யாரும் நின்றதே கிடையாது. மூலையில் டீப் பாத்திரம் கவிழ்த்தபடியே கிடந்தது.

போதகரின் மனைவி இயனேத்தாவிடம் மெதுவாகக் கேட்டாள். அவள் முதலில் மழுப்பினாள். உபவாசத்தை வெளியே சொல்லிக்கொள்ளக் கூடாதே என்று தயங்கிவிட்டு, பிறகு சொன்னாள்: மூன்று சனிக்கிழமையாக மாதர் சங்கம் முழுவதும் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடுவதில்லை. லிட்டாராவின் உயிருக்காக.

லிட்டாரா அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். சாப்பாட்டை விடவே விடாத இந்தப் பெண்கள். அவர்களில் பாதிப்பேருக்குச் சர்க்கரை.

"ரூத்தா அக்காவுமா?"

"அவங்கதானே ஆரம்பிச்சதே," என்றாள் இயனேத்தா. "பின்னாடி கிடங்குல அரிசி எடுக்கப் போனாங்க. போய் நேரமாச்சே."

ரூத்தா அரிசி மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. கை நடுங்கியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குக் குழறலாக ஏதோ சொன்னாள். லிட்டாராவுக்கு அது என்னவென்று ஒரு நொடியில் தெரிந்தது. தவாலேயிடம் எத்தனை முறை பார்த்தது. இன்சுலின் ஊசி ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை உடம்புக்குள் தள்ளுகிற வேலையைச் செய்கிறது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தள்ளிக்கொண்டேதான் இருக்கும். பின்னால் சாப்பாடு வரவில்லையென்றால் ரத்தத்தில் சர்க்கரை வற்றி மூளை தடுமாறும். அக்கா காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டு உபவாசமும் இருந்திருக்கிறாள்.

அலமாரியிலிருந்த சர்க்கரையை ஒரு குவளைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினாள். ரூத்தா உதடுகளை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"இருட்டட்டும். வேண்டிக்கிட்டிருக்கேன்."

"குடி அக்கா. உன் காலைப் பிடிக்கிறேன், குடி."

"உனக்காகத்தான்டி. விடு."

"எனக்கு நோயே இல்லக்கா."

ரூத்தா அதைக் கேட்டாளா இல்லையா தெரியவில்லை. லிட்டாரா அவள் தாடையைப் பிடித்து, தவாலேக்குச் செய்ததுபோலவே, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கவைத்தாள். சர்க்கரைத் தண்ணீர் ரத்தத்தில் ஏறப் பத்துப் பதினைந்து நிமிடமாவது ஆகும். அதுவரை அக்காவின் ஈரமான கையைப் பிடித்துக்கொண்டு மூட்டையின் மேல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நடுக்கம் அடங்கியது. கண்ணில் தெளிவு வந்தது. அந்தக் கண் அவளை நோக்கித் திரும்பியது.

"இப்ப என்ன சொன்ன நீ?"

லிட்டாரா எல்லாவற்றையும் சொன்னாள். டிரம்மையும் குழாயையும் சொன்னாள். தவாலேயின் காலைச் சொன்னாள்.

"அப்போ நீயா போய்ப் படுத்து வெட்டிக்கிட்ட."

"ஆமாக்கா."

"நல்லா இருந்த வயித்தை."

"நல்லா இல்லக்கா. தவாலேக்கு இருந்தது எனக்கும் வந்துருச்சு."

ரூத்தா கையை விடுவித்துக்கொண்டாள். பாவாடையை நீவிவிட்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

"எங்கம்மா நெய்த பாய் ஒண்ணு இருக்கு, தெரியுமா உனக்கு? பட்டு மாதிரி இருக்கும். என் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட அதை நான் வெளிய எடுக்கல. போன வாரம் கட்டிலுக்கடியிலேருந்து எடுத்து வெயில்ல போட்டேன். உன் சாவு வீட்டுல விரிக்கணும்னு."

லிட்டாரா காலிக் குவளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ சாகாததுக்கு நான் சந்தோஷப்படணும்," என்றாள் ரூத்தா. "படுவேன். இன்னைக்கு முடியல."

எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

அன்று மாலையே செய்தி எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. லிட்டாராவின் போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. மறுநாள் ஆராதனையில் வழக்கமான இருக்கையில் உட்கார்ந்தாள். போதகர் நோயாளிகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் பெயர் வரும் இடத்தில் அடுத்த பெயர் வந்தது. நியாயம்தான். அவள் நோயாளி இல்லையே. ஆனாலும் மூன்று மாதமாக வாரம் ஒருமுறை தன் பெயரை ஒரு கூடம் நிறைய மனிதர்கள் தாழ்ந்த குரலில் திருப்பிச் சொல்வதைக் கேட்டுப் பழகிய காது, அந்த இடைவெளியில் நின்றுபோனது.

ஆராதனைக்குப் பின் விருந்தில், போதகரும் பெரியவர்களும் சாப்பிட்டு எழுந்தபிறகு பெண்களின் பந்தி. லிட்டாரா வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தாள். போனால் அந்த ஆறு பேர் மேசை. வந்து உட்கார்ந்தாள். மேசை நெடுக இருக்கைகள் நிரம்பின, ஆனால் அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. தட்டுகள் கைமாறி வந்தன. எல்லார் முன்னும் வைக்கப்பட்டன. அவள் முன் எதுவும் வைக்கப்படவில்லை. அவளுக்குத் தட்டு வேண்டாம் என்று இப்போது எல்லாருக்கும் தெரியுமே. இத்தனை நாள் இதற்குத்தான் ஏங்கினாள். குவியலாக வந்த தட்டுகளைக் கண்டு பயந்தாள். இப்போது வெறும் மேசைவிரிப்பில் தன் இரண்டு கைகளை வைத்துக்கொண்டு, அவற்றின் எலும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலி இழுபடும் சத்தம். ரூத்தா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் லிட்டாராவின் பக்கம் திரும்பவில்லை. கையிலிருந்த தட்டை இருவருக்கும் நடுவில் வைத்தாள். ஓரத்தில் மீன் துண்டு ஒன்று தனியாக, முள் எடுத்து உதிர்த்து வைத்திருந்தது. இரண்டு முட்கரண்டிகள். ஒன்றை எடுத்துக்கொண்டு கிழங்கைக் குத்தித் தின்னத் தொடங்கினாள்.

லிட்டாரா மற்றதை எடுத்தாள். முதல் வாயை நெடுநேரம் மென்றாள். எதிர்வரிசையில் இயனேத்தாவும் மற்றவர்களும் விமான நிலையத்துக்குப் போகும் புதுச் சாலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் வாயை யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காததுபோல் இருந்தார்கள். இரண்டு. மூன்று. ரூத்தாவின் தோள் அவள் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. நாற்காலிகள் நெருக்கமாகப் போட்டிருந்ததால் இருக்கலாம். நான்காவது வாய் உள்ளே போனதும் தும்மல் வந்தது. முட்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் சாய்த்துவைத்தாள். வழக்கமாக வரும் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள். சாப்பிடு, லிட்டாரா.

வரவில்லை. ரூத்தா மிச்சமிருந்த மீனைத் தன் பக்கம் ஒதுக்கிக்கொண்டு, நேராக முன்னால் பார்த்தபடி நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். அது கோபமா, விட்டுக்கொடுத்ததா என்று லிட்டாராவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. தட்டு காலியாகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள், அந்தத் தோள் விலகிவிடாதபடி.