கடலுக்கு முதுகு காட்டிய ஏரியல்

திருவிடந்தைக் கடற்கரையில் சவுக்குத்தோப்பு வானொலியை நடத்திவந்த டிரஸ்ட், மனை வியாபாரி தாமோதரன் கைக்குப் போனதிலிருந்து ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. ஆடாமல் என்ன செய்யும்? முன்பெல்லாம் வீட்டில் ரேடியோவைப் போட்டால் கொரகொரப்புக்கு நடுவே ரூத்தின் குரலைத் தேடிப் பிடிக்க வேண்டும். இப்போது திருப்போரூர் தாண்டியும் கணீரென்று கேட்டது. "சிக்னல்னா இதான்டா சிக்னல்" என்று டீக்கடையில் மெச்சிக்கொண்டார்கள். வானொலியில் பேசுகிற ரூத்துக்கும் பெருமை தாங்கவில்லை. பாவி மனுஷி, கரையில் இவ்வளவு நன்றாகக் கேட்டால் கடலிலும் கேட்கத்தானே செய்யும் என்று நம்பிவிட்டாள்.

தாமோதரன் செய்தது இதுதான். கோபுரத்தில் கடலைப் பார்த்துக் கட்டியிருந்த ஏரியலை மேற்கே திருப்பிவிட்டான். அவன் விற்கிற மனைகள் எல்லாம் செங்கல்பட்டு ரோட்டுப் பக்கம். கடலில் யார் இருக்கிறார்கள், மீனா வந்து மனை வாங்கப் போகிறது?

கடலில் இருந்தவர்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கலாம். அதற்கும் காரணம் உண்டு. ஃபைபர் படகில் போகிறவர்கள் காற்றுச் செய்திக்காகத்தான் ரேடியோவை எடுத்துப் போவார்கள். அது வெறுமனே இரைந்தால் நிலையத்தில் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். பழைய நாளில் தினம் நடந்த கூத்து அது. "ரூத்து டீ குடிக்கப் போயிட்டாடா" என்று சிரித்துவிட்டு, பேட்டரி வீணாகாமல் அணைத்து மூடி வைத்துவிடுவார்கள்; சிலர் மட்டும் நடுநடுவே போட்டுப் பார்ப்பார்கள். கரண்ட் போனதை யாராவது கரைக்கு வந்து புகார் சொல்வார்களா?

அன்று காலை மீன்வளத் துறையிலிருந்து செய்தி வந்தது. மதியத்துக்குமேல் சூறைக்காற்று, யாரும் கடலில் இருக்கக் கூடாது. ரூத் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவளுடைய கணவன் கிருபாகரன் ஸ்டான்லியின் படகில் கூலிக்குப் போகிறவன். விடியலிலேயே போயிருந்தான். கேட்டிருப்பான், திரும்பியிருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது, காய்ச்சலால் கரையிலேயே தங்கிவிட்ட ஸ்டான்லி போர்வையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தான்.

"ஏம்மா ரூத்து, நேத்தும் முந்தாநேத்தும் கடல்ல உன் ரேடியோ செத்துக் கெடந்துச்சு. ஒரு ஜெனரேட்டர் வாங்க வக்கில்லையா உங்க புது மொதலாளிக்கு?"

"கரண்ட் போவவே இல்லண்ணா. எந்நேரமும் பேசிக்கினுதான கீறேன்."

"இன்னா சொல்ற?"

இருவரும் ஜன்னல் வழியாகக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். ஏரியல் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அப்படியென்றால் ரூத் காலையிலிருந்து கத்தியது ஒன்றுகூடக் கிருபாகரன் காதில் விழவில்லை.

கருவிகள் இருந்த அடுத்த அறையில் தாமோதரன் உட்கார்ந்திருந்தான். அன்று அவனுடைய புது மனை விற்பனைத் தொடக்க விழா. இங்கிருந்து போகிற ஒலிபரப்பு செங்கல்பட்டு ரோட்டுப் பந்தலில் ஸ்பீக்கர் வழியாக அலறிக்கொண்டிருந்தது; அது நிற்காமல் பார்த்துக்கொள்ளத்தான் அவன் இங்கே இருந்தான்.

"சார், ஏரியல கடல் பக்கம் திருப்பச் சொல்லுங்க. மதியம் காத்து அடிக்கப்போவுது. எங்க வூட்டுக்காரரு கடல்ல கீறாரு."

"இன்னாம்மா வெளாடுறியா? பந்தல்ல அவ்ளோ ஜனம் ஒக்காந்துகினு கீது. விழா முடியட்டும், சாய்ங்காலமா பாத்துக்கலாம்."

"சாய்ங்காலம் பொணத்ததான் பாக்கணும்!"

சொல்லி முடிக்கவில்லை, பளாரென்று அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் அவள் முகவாயில் வழிந்தது. ஸ்டான்லி போர்வையை வீசியெறிந்துவிட்டு அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். சத்தம் கேட்டு வெளியில் நின்ற தாமோதரனின் ஆட்கள் இருவர் சவுக்குக் கட்டையோடு ஓடிவந்தார்கள். முதல் அடி ஸ்டான்லியின் தோளில் விழுந்தது. இரண்டாவதைத் தடுக்கக் கையைத் தூக்கினான். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. விழுந்தவனைக் காலாலும் மிதித்தார்கள்.

கருவிகளைப் பார்த்துக்கொள்கிற கலைவாணன் அதுவரை மூலையில் ஒதுங்கி நின்றான். ஏரியலை மேற்கே திருப்பியவனே அவன்தான். முதலாளி சொன்னார், செய்தான். ரூத் அவனைப் பார்த்த பார்வையில் என்ன இருந்ததோ, சட்டென்று சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்பேனரோடு வெளியே ஓடிக் கோபுரத்தில் தாவி ஏறினான்.

"எறங்குடா நாயே!" என்று தாமோதரன் ஜன்னல் வழியே கத்தினான். அவன் இறங்கவில்லை. ஏரியலில் கையை வைத்துவிட்டான். அது தெரிந்தே, நன்றாகத் தெரிந்தே, தாமோதரன் சுவிட்சை மறுபடியும் போட்டுவிட்டான்.

மேலேயிருந்து வந்த அலறலை இன்றைக்கும் அந்தத் தோப்பில் இருந்தவர்கள் சொல்வார்கள். கலைவாணனின் உள்ளங்கை பொசுங்கிப்போயிற்று. கோபுரக் கம்பியைக் காலால் பின்னிக்கொண்டதால் கீழே விழவில்லை.

"அடப்பாவி! நீயும் ஒரு மனுஷனா?"

ரூத் சுவரோரம் நின்ற மைக் ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடுங்கி தாமோதரனின் மணிக்கட்டில் இறக்கினாள். அவன் குனிந்தபோது தலையில் இறக்கினாள். இன்னொரு தரமும் ஓங்கினாள். சுவிட்சை அணைத்துவிட்டு அதன்மேல் முதுகைச் சாத்திக்கொண்டு, கட்டையோடு நின்ற இருவரையும் பார்த்து, "வாங்கடா" என்றாள். அவர்கள் வரவில்லை. அலறல் கேட்டுக் குப்பத்து ஜனங்கள் ஓடிவருவது தெரிந்ததும், ரத்தம் ஒழுக நின்ற முதலாளியை அள்ளிக் காரில் போட்டுக்கொண்டு பறந்துவிட்டார்கள்.

பொசுங்கிய கையால் கலைவாணன் ஏரியலைக் கடல் பக்கம் திருப்பி முடுக்கினான். அவன் இறங்கியதும் ரூத் சுவிட்சைப் போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"கடல்ல கீற அல்லாரும் கேளுங்க. வலைய அறுத்து வுட்டுட்டுக் கரைக்கு வாங்க. காத்து வருது. வலை போனா போவுது, வாங்கப்பா!"

காற்று சொன்னதைவிடச் சீக்கிரம் வந்தது. சவுக்கு மரங்கள் ஒடிந்து விழுந்தன. ஒவ்வொரு படகாகக் கரையேறியது. ஓடிவந்து கதவருகே யாராவது படகின் பேரைச் சொல்வார்கள். ஸ்டான்லியின் படகை யாரும் சொல்லவில்லை. மருத்துவமனைக்குப் போகமாட்டேன் என்று, முறிந்த கையைத் துண்டில் கட்டிக்கொண்டு ஸ்டான்லி வாசலிலேயே கிடந்தான்.

கடைசியில் கிருபாகரனின் அண்ணன் ஏசுபாதம் வந்தான். கையில் மண்ணெண்ணெய்க் கேன். பின்னால் இருபது முப்பது பேர்.

"தம்பி பூட்டாண்டி ரூத்து!" என்று நெஞ்சில் அறைந்துகொண்டான். "மொத காத்துலயே படகு கவுந்துடுச்சு. கூட இருந்தவன் நீந்திட்டான், தம்பி வலையில மாட்டிக்கினான், வலையோடதான் கரை சேத்தோம். ரேடியோவ மூடி வெச்சிருந்தாங்களாம்டி. கரண்ட் இல்லன்னு மூடி வெச்சிருந்தாங்களாம்! தள்ளு, இந்த எழவு புடிச்ச ரேடியோவ இன்னிக்கி சாம்பலாக்குறேன்."

ரூத் எழுந்தாள். அழுகை வரவில்லை. மருத்துவமனைக்குப் போகும்போது கலைவாணன் வைத்துவிட்டுப் போன ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னும் ரெண்டு படகு வெளிய கீது மாமா."

"எவன் எக்கேடு கெட்டா இன்னா! என் தம்பி செத்துட்டான்!"

"எம் புருசன்தான் செத்தாரு! தள்ளிப் போங்க."

அவன் எண்ணெயைக் கதவில் வீசினான். பாதி அவள் புடவையில் விழுந்தது. தீப்பெட்டியை எடுத்த கையில் ஓங்கி அடித்தாள். அவன் வலியில் துள்ளி அவள் தலைமுடியைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினான். கண் இருண்டது. விழவில்லை. மறுபடியும் அடித்தாள், விலாவில். கூட்டத்திலிருந்து ஒருவன் பாய்ந்தான், அவனுக்கும் விழுந்தது. சொந்த ஜனம், தாலி கட்டியபோது பந்தி பரிமாறிய ஜனம். பார்த்துப் பார்த்து அடித்தாள். ஸ்டான்லி சுவரைப் பிடித்து எழுந்து அவள் பக்கத்தில் வந்து ஒற்றைக் கையோடு நின்றான்.

"ரெண்டு வூட்டு ஆம்பளைங்க அங்க கீறாங்கய்யா. அவ சொல்றதக் கேளுங்க" என்றான்.

ஏசுபாதம் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, தம்பி தம்பி என்று கதறினான்.

ரூத் உள்ளே போனாள். மண்ணெண்ணெய் நாறும் புடவையோடு மைக்கின் முன் உட்கார்ந்து அந்த இரண்டு படகுகளையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். தொண்டை கட்டியபிறகும் கூப்பிட்டாள். ஒன்று வந்து சேர்ந்தது. வெளிச்சம் மங்குவதற்குள் மற்றதும் அலையைப் பிளந்துகொண்டு வந்து மணலில் மோதியது.

"அல்லாரும் வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்கம்மா" என்றான் ஸ்டான்லி.

மைக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். மண்ணில் கிடந்த ஏசுபாதத்தின் தோளைத் தொட்டாள்.

"எழுந்திரு மாமா. அவர எங்க வெச்சிருக்கீங்க? என்னக் கூட்டிக்கினு போ."