ஜொஹரா பீவி வீட்டுக் கிணறு

சிதம்பரத்துப் பக்கம் கிள்ளை ஊரில் ஜொஹரா பீவிக்கு ரத்தக் கொதிப்பு ஏறினால் அவள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஏறும். அறுபத்தைந்தாம் வருஷக் கோடையில் ஊர்க் கிணறுகளெல்லாம் வறண்டு, தோண்டிய இடமெல்லாம் உப்புக் கரித்தபோது, அந்தக் கிணறு மட்டும் கையால் மொள்ளும் உயரத்தில் தித்திப்பாக நின்றது. தெருவே அங்கே குடத்தோடு நின்றது. பினாங்குக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டதை நினைத்து நினைத்து அவளுக்குத் தலை கிறுகிறுத்ததை யாரும் விசாரிக்கவில்லை. தண்ணீர் வந்தால் போதாதா?

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ராசம்மாள்தான் விசாரித்தாள். வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. ஜொஹரா பீவியின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தவள், பாதரசம் ஏறியதைப் பார்த்து மிரண்டுபோனாள்.

"பிரஷர் ரொம்ப ஜாஸ்தி பீவிம்மா. இப்பிடியே வுட்டா கை கால் இழுத்துக்கும். கருவாடு, ஊறுகாய தொடாதீங்க. மாத்திரைய ஒரு நாள்கூட நிறுத்தாதீங்க."

மாத்திரை உள்ளே போகப் போகத் தண்ணீர் கீழே போனது. உடனே தெருவுக்கு அவள்மேல் திடீர்ப் பாசம் பொங்கியது. ஒருத்தி எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்தாள். அடுத்த வீட்டுப் பொன்னி கருவாடு சுட்டு வாழையிலையில் மூடிக் கொண்டுவந்தாள். கொண்டுவர ஒன்றும் இல்லாதவர்கள் வேலிச் சண்டையோடு வந்தார்கள். ஜொஹரா பீவி சாப்பிட்டாள், சண்டையும் போட்டாள். சாயங்காலம் கிணற்றில் தண்ணீர் ஏறியிருந்ததை எட்டிப் பார்த்தபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. பாவிகள்! அதற்கப்புறம் யார் சிரித்தாலும் அவள் கண் கிணற்றுக்குப் போனது. நர்சையும் அவள் விட்டுவைக்கவில்லை. இவளை அனுப்பியது யாரோ, மாத்திரையில் என்ன கலந்திருக்கிறதோ என்று, நர்ஸ் தெருமுனை திரும்பியதும் மாத்திரையைத் துப்பிவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கிணறு வழிந்து வாசலுக்கு வந்தது. ஒரு வாய் குடித்த பொன்னி முகத்தைச் சுளித்துத் துப்பினாள். அது கடல் தண்ணீர். ஓடிப்போய்ப் பார்த்தால் ஜொஹரா பீவி வாய் கோணிக் கிடந்தாள். "நாந்தானே கருவாடு குடுத்தேன்" என்று மாரிலடித்துக்கொண்டே பொன்னி அவளை வண்டியில் போட்டுச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோனாள்.

உயிர் பிழைத்தது, இடது கையில் மட்டும் சோர்வு தங்கிவிட்டது. இப்போது தெரு திருந்திவிட்டது. காலையில் நாலு பேர் குடத்தோடு நின்று, அவள் மாத்திரை விழுங்கியதைப் பார்த்த பிறகே கயிற்றை இறக்கினார்கள். கிணற்றுத் தண்ணீரும் ஏறாமல் இறங்காமல் நடு உறையில் நின்று மறுபடி தித்தித்தது. ஆனாலும் ஜொஹரா பீவிக்கு மனசு ஆறவில்லை. இவ்வளவு அக்கறையும் எனக்காகவா, கிணற்றுக்காகவா?

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. குளம் குட்டையெல்லாம் நிரம்பிவிட்டது, இனி ஒருத்தியும் வரமாட்டாள் என்று ஜொஹரா பீவி கதவைத் தாழிட்டு, மாத்திரையை விழுங்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் பொன்னி நின்றாள்.

"ஊரெல்லாம் தண்ணி கெடக்கு. எங் கெணறு ஒனக்கு எதுக்குடி?"

"கெணறு தூந்து போவட்டும். நீ மாத்திர முழுங்குனியாக்கா?"

ஜொஹரா பீவிக்கு அழுகை வந்துவிட்டது. விழுங்கினாள், கேட்காமலே நாக்கை நீட்டியும் காட்டினாள்.

அந்த மழையில் ஊர்க் கிணறுகளெல்லாம் வழிந்தன. ஜொஹரா பீவியின் கிணறு மட்டும் நடு உறையிலேயே நின்றது. நர்ஸ் ராசம்மாள் வந்து அதை எட்டிப் பார்த்தாள். பிரஷர் பார்க்கும் பெட்டியைத் திறக்காமலே அடுத்த வீட்டுக்குப் போனாள்.