சொத்தைப் பவளம்

பல் டாக்டர் ஸ்மிதாவின் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், மாடிப்படி ஏறும்போதே திரும்பிப் போக ஒரு காரணம் தேடிக்கொண்டுதான் வருவார்கள். அவர்களைப் பிடித்து உட்காரவைக்க டாக்டர் முன்னறையில் நான்கடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தார். இரண்டு ஆரஞ்சு மீன்கள், ஒரு சிவப்பு இறால், பாறைத் துண்டுகளின்மேல் கொத்துக்கொத்தாகப் பொத்தான் பவளங்கள். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவில் பச்சையும் செம்மஞ்சளுமாக விரிந்து நிற்கும்.

தொட்டியைப் பார்த்துக்கொண்டவள் ஜெஸ்லின். மார்த்தாண்டத்துக்காரி. திருவனந்தபுரத்தில் கல்யாணம் கட்டி வந்து ஒன்பது வருஷம். ஸ்கூட்டரில் இரண்டு வாளியும் ஒரு ரப்பர் குழாயுமாக ஊரில் பதினோரு தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றுகிறாள். மற்ற பத்தும் சொன்னபடி கேட்டன. இந்தத் தொட்டிதான் மூன்று மாதமாக அவள் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. பவளங்களின் நடுவே பச்சைப் பாசி முடிமுடியாக வளர்ந்து, பொத்தான்கள் விரிய இடமில்லாமல் சுருங்கிக் கிடந்தன.

"யாரோ தீனி அதிகமாப் போடுதாங்க" என்று ஜெஸ்லின் சொன்னாள்.

"ஞானல்லாதெ ஆரும் போடாது. அதும் ஒரு நுள்ளு, ஒரு சிட்டிகை மாத்ரம்" என்று டாக்டர் சத்தியம் செய்தார். அவருடைய தமிழ் பாதி மலையாளம்.

பிரஷ் வைத்துத் தேய்த்தாயிற்று, விரலால் பிடுங்கியாயிற்று. ஒரு வாரத்தில் மறுபடியும் முளைத்தது. கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை ஜெஸ்லின் மருந்துக்கடையிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டிலோடு வந்தாள். புண் கழுவுகிற அதே சாதாரண மருந்துதான். மூன்று பங்கு தொட்டித் தண்ணீருக்கு ஒரு பங்கு மருந்து. பவளத்தைக் கல்லோடு எடுத்து ஐந்து நிமிஷம் முக்கிவைத்தால் பாசி வெந்ததுபோல ஆகிவிடும், ஒளிந்திருக்கும் பூச்சிகளும் வெளியே வந்து விழும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் பவளமும் சேர்ந்து போய்விடும். அதனால் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும், நல்ல வெளிச்சமும் வேண்டும்.

"டாக்டர் பதினோரு மணிக்குத்தான் வரும்" என்றாள் வரவேற்பு மேஜையில் இருந்த ஓமனா. "அகத்தெ ரூம்ல லைட் உண்டல்லோ."

உள்ளறையில் நோயாளி சாய்கிற நாற்காலியும் அதற்கு மேலே வளைகிற பெரிய விளக்கும் இருந்தன. ஜெஸ்லின் விளக்கை இழுத்து, தன் கண்ணாடிக் கிண்ணங்களை அதன் கீழே ஒரு மேஜையில் பரப்பினாள். பொத்தான் பவளத்தின் சளியில் நஞ்சு உண்டு. கண்ணில் தெறித்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். ஆகையால் கையுறை, முகக்கவசம், பெரிய பிளாஸ்டிக் கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு, சட்டை நனையாமல் இருக்க ஒரு வெள்ளைக் கோட்டும் போட்டிருந்தாள். முதல் கல்லைக் கிண்ணத்தில் இறக்கியதும் பாசி முடியெல்லாம் சிறுசிறு குமிழாக நுரைத்தது. அவளுக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம்.

அந்த நேரத்தில்தான் ஸ்ரீகண்டன் வந்து சேர்ந்தார், அல்லது கொண்டுவரப்பட்டார். கோட்டைக்குள் புத்தன் தெருவில் வீடு. இன்சூரன்ஸ் ஆபீசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு மாதமாக வலது கடைவாயில் வலி. அவர் மனைவி ஜெயலக்ஷ்மி மூன்று தடவை நேரம் வாங்கி அனுப்பினார். மூன்று தடவையும் ஸ்ரீகண்டன் முன்னறையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பேர் கூப்பிடுவதற்குள் மாயமாகிவிட்டார். இந்தத் தடவை ஜெயலக்ஷ்மியே கூட வந்தார்.

"நான் சாலைக் கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வரேன். இவரைக் கீழ விடாதேள்" என்று ஓமனாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

ஓமனா தன் நாற்காலியைப் படிப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். படி அடைபட்டுப்போனதும் ஸ்ரீகண்டனுக்கு வேறு வழி ஏதாவது உண்டா என்று தோன்றியது. மெல்ல எழுந்து உள்ளறைக் கதவைத் திறந்து பார்த்தார்.

விளக்கடியில் முகம் மூடிய ஒரு வெள்ளைக் கோட்டுக்காரி. அவள் கையில் வெளுப்பும் பழுப்புமாக, ஓட்டை ஓட்டையாக ஒரு சின்னக் கட்டி. அதிலிருந்து பச்சையாக ஏதோ தொங்கியது. கீழே கிண்ணத்தில் நுரை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் சின்னக் குறடு ஒன்றை ஓட்டைக்குள் விட்டு, நெளிகிற ஒரு சிவந்த புழுவை இழுத்துப் போட்டாள்.

"பூச்சி" என்றார் ஸ்ரீகண்டன், தன்னையறியாமல்.

ஜெஸ்லின் திரும்பவில்லை. நிமிஷம் எண்ணிக்கொண்டிருந்தாள். "ஆமா. உள்ள நெறைய இருக்கு."

"இது யாரோடதாக்கும்?"

"டாக்டருக்க."

ஸ்ரீகண்டன் கதவைப் பிடித்துக்கொண்டார். "டாக்டரோடதே இப்படியா?"

"மூணு மாசமாச்சு. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேக்கணுமே."

"வலி உண்டோ?"

"அதுக்கு வலிச்சா சொல்லத் தெரியுமா? சுருங்கிக்கிடும், அவ்வளவுதான்." இந்தக் கேள்வி கொஞ்சம் விசித்திரமாகப் பட்டு ஜெஸ்லின் திரும்பிப் பார்த்தாள். வேட்டி கட்டிய மனிதர் வலது கன்னத்தை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, இது பல் இல்லை சார் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"எதனால இப்படி ஆறது?" என்று அவர் முந்திக்கொண்டார்.

"தீனிதான். கண்டதையும் போட்டா இப்படித்தான்."

"நேக்கும் அதுதான். நேந்திரங்கா உப்பேரி இல்லாம பொழுது போகாது. இப்போ கடிக்கவும் முடியல்லை. போன தடவையெல்லாம் இங்க உக்காந்துண்டு, கையால பொடிச்சுப் பொடிச்சு அந்த மீனுக்குத்தான் போட்டேன். நன்னாத் தின்றது."

ஜெஸ்லின் எடுத்த வாயை மூடிக்கொண்டாள். மூன்று மாதம். தேய்த்துத் தேய்த்து நகம் போன மூன்று மாதம். தேங்காயெண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் வறுவல்.

"உக்காருங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதைப் பின்னால் எத்தனையோ பேரிடம் அழுத்திச் சொல்லியிருக்கிறாள். "இத இப்படியே விட்டா பக்கத்துல உள்ளதுக்கும் பரவும்" என்றாள். உண்மை. "முத்திப் போனா மருந்தும் கேக்காது. பேத்து எறியத்தான் செய்யணும்" என்றாள். அதுவும் உண்மை. அடுத்த கல்லை விளக்கில் திருப்பித் திருப்பிக் காட்டி, ஊசியால் ஒரு சொட்டு மருந்து விட்டு, கிண்ணத்தில் இறக்கினாள். ஓட்டைக்குள்ளிருந்து குட்டி நண்டு ஒன்று அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடியது.

ஸ்ரீகண்டனின் நெற்றி வியர்த்தது. "கால் உள்ளதும் இருக்குமோ?"

"சிலதுல."

ஓடிவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். வாசலில் ஓமனா பிடித்துக்கொள்வாள், ஆள் கொஞ்சம் நடுங்கினால் போதும், கணக்குச் சரி. ஆனால் ஸ்ரீகண்டன் ஓடவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், நாற்காலியில் ஏறிச் சாய்ந்தார், கண்ணை மூடினார்.

"அந்த நொரைக்கற மருந்தை நேக்கும் விடுங்கோ. என்ன இருந்தாலும் வெளிய வரட்டும்."

இப்போது வியர்த்தது ஜெஸ்லினுக்கு. "சார், நான் வந்து... நான் ஒங்க வாயில கை வைக்கப்படாது."

"சங்கோஜப்பட வேண்டாம். டாக்டரோடதையே நீங்கள்தானே பாக்கறேள்." சொல்லிவிட்டு அவர் வாயை அகலத் திறந்தார். விளக்கு நேராக உள்ளே அடித்தது. தொடாமலே அவளுக்குத் தெரிந்தது: கடைவாயில் கறுப்பாக ஒரு குழி, மிளகு வைக்கலாம்.

கதவு திறந்தது. டாக்டர் ஸ்மிதா ஹெல்மெட்டும் கையுமாக நின்றார். கிண்ணத்தில் தன் பவளம், நாற்காலியில் மூன்று தடவை தப்பியோடிய நோயாளி, குறட்டோடு சிலைபோல நிற்கும் ஜெஸ்லின். டாக்டர் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, சத்தமில்லாமல் கை கழுவி, கையுறை மாட்டி, ஊசியை எடுத்தார். ஜெஸ்லின் கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு பூனைபோல வெளியேறினாள். கடைசியாக முக்கிய கல்லுக்கு ஐந்தாவது நிமிஷம் முடிய இருபது விநாடி இருந்தது.

அரைமணி நேரம் கழித்து, வாயில் பஞ்சோடு ஸ்ரீகண்டன் வெளியே வந்தார். பின்னாலேயே டாக்டர். ஜெயலக்ஷ்மி கடைப் பையோடு திரும்பியிருந்தார்.

"ஸாரே, நல்ல தைர்யம். புதனாழ்ச்ச இன்னொரு தடவ கூட வரணும்" என்றார் டாக்டர்.

ஸ்ரீகண்டன் மரத்துப்போன நாக்கைச் சிரமப்பட்டுப் புரட்டினார். "டாக்டர் மொதல்ல உங்க பல்லைக் கவனிச்சுக்கோங்கோ. நான் பாத்தேன். மனசு கேக்கல்லை."

"என்றெ பல்லோ?" டாக்டரின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

ஓமனாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பால்கனிக்கு ஓடிவிட்டாள். ஜெஸ்லின் முகக்கவசத்தைக் கழற்றி, கல்லையும் கிண்ணத்தையும் நீட்டி, தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள், உப்பேரி உட்பட. ஸ்ரீகண்டன் கல்லைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். கோபப்படத்தான் பார்த்தார். பாதி வாய் ஒத்துழைக்காததால் அது ஒரு பக்கமாக இழுத்து, சிரிப்பு மாதிரி ஆகிவிட்டது.

"ஒரு கல்லைக் காட்டினா போதும்னு முன்னாடியே தெரியாமப் போச்சே" என்றார் ஜெயலக்ஷ்மி. "ஆறு மாசமா ராத்திரி தூங்கவிடல்லை. வீட்டுல அம்மிக்கல்லைக் காட்டியிருப்பேன்."

புதன்கிழமை ஜெஸ்லின் தண்ணீர் மாற்ற வந்தபோது பாசி வெளுத்துச் சோர்ந்து கிடந்தது. இறால் அதைக் கிள்ளிக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தது. மூன்று நாள் கோபித்துக்கொண்டு மூடியிருந்த பொத்தான்களில் ஏழெட்டு விரிந்திருந்தன. ஸ்ரீகண்டன் நேரத்துக்கு முன்னாலேயே வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டிமுன் நின்றார்.

"பிழைச்சுக்குமா?"

"பிழைச்சுக்கும் சார். உப்பேரி கிட்டாம இருந்தா."

"ஆகட்டும், ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஓமனா கீழே கடையிலிருந்து சாயாவும் பழம்பொரியும் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். ஸ்ரீகண்டன் வேண்டாமென்றார். ஜெஸ்லின் வாளியின் ஓரத்தில் உட்கார்ந்து ஒன்றைப் பிய்த்துத் தின்றாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறு மாதம் அதே வேலையாக இருந்தவரின் கண் அது.

"எடது பக்கம் மட்டும் மெல்லறேளே" என்றார்.

"சும்மா, பழக்கம் சார்."

"கிராம்பா, உப்புத் தண்ணியா?"

ஜெஸ்லின் பழம்பொரியைக் கீழே வைத்தாள். அந்தக் குரலில் கேலி இல்லை. ஒரே நோய்க்காரர்கள் பேசிக்கொள்வதுபோல இருந்தது. அதனால்தான் பொய் வரவில்லை. "கிராம்பு. ஒரு வருஷமாச்சு."

உள்ளிருந்து டாக்டரின் குரல் கேட்டது. "அடுத்தது ஆரா?"

"இவாதான்" என்றார் ஸ்ரீகண்டன் உரக்க. "நான் கொறச்சு நாழி இருந்துக்கறேன்."

"சார், மோட்டார ஆஃப் பண்ணி வச்சிருக்கேன். தண்ணி வேற பாதியில நிக்கி..."

"மோட்டார் ஸ்விட்ச் எது, இதுவா? நான் போட்டுடறேன். வாளியை ஓமனா பாத்துப்பா."

ஜெஸ்லின் படிப்பக்கம் பார்த்தாள். ஓமனா ஏற்கெனவே நாற்காலியை அங்கே நகர்த்திவிட்டிருந்தாள். வேறு வழியில்லாமல் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய், நாற்காலியில் சாய்ந்து, டாக்டர் விளக்கை இழுக்குமுன்னே வாயைத் திறந்தாள்.