சித்தப்பா குறைத்துக் கொடுத்த கார்

சித்தப்பாவின் மூக்கை நான் உடைக்கவில்லை. கார்தான் உடைத்தது. அந்தக் காரை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

தங்கைக்காகப் பேசி முடித்திருந்த பழைய காரை எடுத்து வரப் போயிருந்தோம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு பஸ்ஸில் தொங்க அவளால் முடியவில்லை. நாளைக்குக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். "பாதுகாப்பா இருக்கணும்க்கா, மத்ததெல்லாம் நீ பாத்துக்க" என்று மட்டும் சொன்னாள். சித்தப்பாவுக்குப் பழைய கார் விற்கும் தொழில். அப்பா போன பிறகு தங்கையின் கல்யாணத்தில் அப்பா இடத்தில் நின்றவர். அவர் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. எனக்கு அப்படியில்லை. யாராக இருந்தாலும் பேரத்தில் உரித்துவிடுவேன். போன வாரம் அவர் தலையில் கை வைத்துக்கொள்ளும்வரை பேசி, நான் கேட்ட விலைக்கே படிய வைத்தேன். "உனக்காக இல்ல, உன் தங்கச்சிக்காக" என்று பெருமூச்சு விட்டார். அதைச் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

இப்போது கடைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் ஓட்டிப் பார்க்க உட்கார்ந்ததும் ஏதோ உறுத்தியது. போன வாரம் ஸ்டீயரிங்கின் நடு மூடியில் ஒரு நகக்கீறல் இருந்தது. அதைக் காட்டித்தான் பேரத்தையே ஆரம்பித்தேன், மறக்குமா? இன்றைக்கு மூடி மொழுமொழுவென்று இருந்தது. பக்கத்து சீட்டுக்கு எதிரே, டேஷ்போர்டு மூடியின் ஓரத்தில் பசை பிதுங்கியிருந்தது. இரண்டு மூடிக்கும் பின்னால்தான் ஏர்பேக் இருக்க வேண்டும்.

"சித்தப்பா, இந்த மூடியை மாத்தினீங்களா?"

"கீறல் கீறல்னு நீதானே உயிரை வாங்கின. புதுசு போட்டேன்."

"உள்ள ஏர்பேக் இருக்குல்ல?"

"என்ன கேள்வி இது? செத்துப்போன எங்க அண்ணன் மேல சத்தியமா இருக்கு."

அப்பாவை இழுத்தார் பாருங்கள், அங்கேதான் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. உண்மை பேசுகிறவர் எதற்குச் செத்தவரைக் கூப்பிட வேண்டும்?

"அப்போ ஏறுங்க. ஒரு சுத்து போவோம்."

ஏறினார். பெல்ட் போடவில்லை. அது அவருக்கு மானக்குறைச்சல். நான் போட்டுக்கொண்டேன். தங்கை ஷெட் நிழலில் நின்று சிரித்துக்கொண்டே கையசைத்தாள்.

எதிரே, கடைசியில் செங்கல் சுவர். ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன்.

"ஏய், சுவரு!"

"தெரியுது. ஏர்பேக் இருக்கே, என்ன பயம்?"

"பைத்தியமா உனக்கு? நிறுத்து!"

"இருக்கா, இல்லையா?"

என் முடியைப் பிடித்து இழுத்தார். நான் காலை எடுக்கவில்லை. வாயிலேயே ஒரு குத்து விட்டார். உதடு கிழிந்து ரத்தம் நாக்கில் கரித்தது. முழங்கையை அவர் விலாவில் இறக்கினேன். சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"இல்லடி! ரெண்டுமே இல்ல! உள்ள வெறும் துணிதான் இருக்கு! நிறுத்துடி!"

பிரேக்கை மிதித்தேன். நின்றிருக்கும். ஆனால் அவர் பயத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பிவிட்டார். கார் சறுக்கிப் போய் சுவரோரம் இருந்த இரும்புத் தூணில் இடித்தது. பெல்ட் என் தோளை அறுத்துக்கொண்டு பிடித்து நிறுத்தியது. அவரைப் பிடிக்க ஒன்றும் இல்லை. முகம் போய் டேஷ்போர்டில் மோதியது. கரும்பை முறித்தது போல ஒரு சத்தம் கேட்டது. மூடி பெயர்ந்து, உள்ளேயிருந்து நீலப் பூப் போட்ட துணி ஒன்று வெளியே தொங்கியது. சித்தியின் பழைய நைட்டி.

சட்டையைப் பிடித்து அவரை வெளியே இழுத்துத் தரையில் தள்ளினேன். டிக்கியைத் திறந்து வீல் ஸ்பேனரை எடுத்தேன். கொல்லத்தான் எடுத்தேன், அதை மறைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. முதல் அடி தோளில் விழுந்தது. அவர் அலறினார். அடுத்ததற்கு ஓங்கியபோது தங்கை மூச்சிரைக்க ஓடி வந்து குறுக்கே நின்றாள். அவள் வயிறு என் ஸ்பேனருக்கு நேராக இருந்தது. கை தானாக இறங்கிவிட்டது.

அவள் அந்த நைட்டியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எனக்குன்னு தெரிஞ்சேதான் செஞ்சீங்களா சித்தப்பா?"

"நான் என்னம்மா செய்வேன்?" ரத்தத்தைத் துப்பிக்கொண்டே அழுதார். "வண்டி வந்தப்போ ரெண்டு ஏர்பேக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. உங்க அக்கா அடிமாட்டு விலைக்குக் கேட்டா. எனக்கும் கட்டுப்படியாகணும்ல? நீங்க அந்தப் பக்கம் போனதும் கழட்டி வித்துட்டேன். அவ குறைச்சதுக்கும் அதுக்கும் சரியாப் போச்சு. நீதான் மெதுவா ஓட்டுவியேம்மா..."

போன வாரம் பீற்றிக்கொண்ட ஒவ்வொரு வீடும் கண்முன்னால் வந்தது.

தங்கை என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கினாள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாதவள். என்னைத்தான் அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வோம் என்று அசையாமல் நின்றேன். அவள் காரின் முன்கண்ணாடியில் இறக்கினாள். மறுபடி ஓங்கினாள், மறுபடி. கண்ணாடி நொறுங்கி, அவள் உட்கார வேண்டிய சீட்டின் மேல் கொட்டும்வரை விடவில்லை. பிறகு ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

"ஐயோ, கண்ணாடி! இதுக்கெல்லாம் யாரு கொடுப்பா?" மூக்கைப் பொத்திய கையோடு சித்தப்பா கணக்குப் போட்டார். கண்ணாடி, முன்பக்கம், மூக்கு வைத்தியம். எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொன்னார். பகல் கொள்ளை. வேறொரு நாளென்றால் பாதிக்கு இறக்கியிருப்பேன்.

கையிலிருந்த தங்க வளையலைக் கழற்றி அவர் மேல் எறிந்துவிட்டுத் தங்கைக்குப் பின்னால் ஓடினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.